இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துப் பேருந்து

நிறுத்திவிட்டோம் என்று டெப்போக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிய காலை ஆறு பத்துப் பேருந்து, மறுநாள் காலை ஆறு பத்துக்கே வடகரைப்பேரி முக்கில் வந்து நின்றபோது, அங்கே காத்திருந்த பதினேழு பேரும் வழக்கம்போல முண்டியடித்து ஏறி, வழக்கம்போல ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, வழக்கம்போல ஜில்லாத் தலைநகரில் இறங்கி அவரவர் சோலிக்குப் போனார்களே தவிர, ஒருவரும் அதை ஒரு சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்கில் டீக்கடை வைத்திருந்த துரைப்பழம் மட்டும், "நிப்பாட்டியாச்சுன்னு சொன்னாவளே" என்று பாய்லரைப் பார்த்துச் சொன்னார். பாய்லர் பதில் சொல்லாததால் அவரும் அதோடு விட்டுவிட்டார்.

அந்தப் பேருந்து ஏன் வந்தது என்று யாருக்காவது தோன்றியிருந்தால், அவர்கள் போய்க் கேட்டிருக்க வேண்டிய ஆள் ஆவுடைச்செல்வி. முக்கிலிருந்து நாலு கடை தள்ளி, 'செல்வி ஜெராக்ஸ்' என்று போர்டு போட்ட கடையில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு லேமினேஷன் மெஷினும் வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்துப் பேருந்து நேரங்களையெல்லாம் ஓர் இணையதளத்தில் போட்டு வந்தவள் அவள்தான். ஊருக்குச் சேவை செய்யவேண்டும் என்றெல்லாம் அவள் ஆரம்பிக்கவில்லை. "அடுத்த வண்டி எப்பம்?" என்று நாளுக்கு நாற்பது பேர் கடை வாசலில் வந்து நின்று கேட்டதில் எரிச்சல் தாங்காமல் ஆரம்பித்தாள். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி, முகவரியின் கடைசியில் ஓர் எண். ஆறு பத்துக்கு வாய்த்த எண் இருநூற்றுப் பதினான்கு. அந்த முகவரியை ஜனங்கள் டீக்கடைச் சுவரில் பெயிண்டால் எழுதினார்கள், கோவில் கொடைத் திருவிழா நோட்டீஸிலும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலும் அச்சடித்தார்கள், லீவில் வருகிற துபாய்க்காரர்கள் கைபேசியில் சேமித்துவைத்து விமானம் இறங்கியதும் முதல் காரியமாகத் திறந்து பார்த்தார்கள். போகப்போகப் பேருந்தின் பெயரே அதுவாகிவிட்டது. "எரநூத்திப் பதினாலு போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடிவராத பெண் அந்த ஊரில் கிடையாது.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே அந்தப் பக்கத்தை அவள் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வாரம் வேப்பிலையில் படுத்துக் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்து, கடையைத் திறந்து அதை அழிக்க உட்கார்ந்தபோது, பீடிக்கட்டு கொடுக்கப் போகிற பெண்கள் ஆறு பேர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"அதத் தொட்டுராதக்கா," என்றாள் முன்னால் நின்ற லூர்தம்மாள். "நீ போட்டிருக்கதுனாலதான் அது வருது."

"வண்டியே கிடையாதுங்காவளேட்டி."

"கிடையாதுன்னா நாங்க எதுல போயிட்டு வாரோம்?"

செல்வியின் கை விசைப்பலகையிலிருந்து இறங்கியது. இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அந்தப் பதினோரு வருஷத்தில் ஊர் அந்தப் பேருந்தை எப்படித் தன்னுடையதாக்கிக்கொண்டது என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. டெப்போவிலிருந்து ஓர் அதிகாரி வந்து முக்கில் நின்று, வண்டி வந்ததும் ஏறி, தலைநகரில் இறங்கி, அப்படி ஒரு வண்டி ஓடவில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் துரைப்பழத்திடம், சீட்டு நல்ல மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெற்றபின் அவர் வடகரைப்பேரியிலேயே வீடு பார்த்துக் குடிவந்ததற்கு அந்தச் சீட்டும் ஒரு காரணம் என்பார்கள். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. டிரைவரின் பிடரியைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை. வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்று கேட்பது, மாப்பிள்ளை வீட்டாரிடம் வயதைக் கேட்பது மாதிரி மரியாதைக் குறைவான காரியமாகக் கருதப்பட்டது. ஆயுதபூஜைக்கு அதற்கு வாழைமரம் கட்டினார்கள். பின்சீட்டு ரெக்சின் கிழிந்தபோது செல்வியிடம் வந்து, 'சீட்டு புதிது' என்று அந்தப் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள், அவளும் எழுதினாள், சீட்டு கிழிந்தே கிடந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஆசைப்பட்டு, சென்னைக்கு நேரடியாக ஒரு வண்டி விடுவதாகப் புதுப் பக்கம் ஒன்று போடச் சொல்லி, ஒரு வாரம் பெட்டி படுக்கையோடு முக்கில் நின்று பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து ஊருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. எழுத்துக்கு வண்டி வருவதில்லை. பல வருஷமாக ஓர் இடத்தில் கிடந்து, பல பேர் கைப்பட்டுப் பழகின முகவரிக்குத்தான் வருகிறது.

செல்விக்கு அதில் பெருமை இருந்ததோ இல்லையோ, நாலு வருஷத்துக்கு முன்னால் பயம் வந்தது. அவளுடைய புருஷன் சண்முகக்கனி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். ஒருநாள் கால் வீங்குகிறது என்று போனவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் ஜில்லா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவருக்குக் கிடைத்தது காலை எட்டு மணி மெஷின். எட்டுக்குப் படுக்கையில் ஆள் இல்லையென்றால் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது, வெளியே பெஞ்சில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். எட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி அந்த ஒன்றுதான், அதற்கு அடுத்தது முக்கிலிருந்து கிளம்புவதே எட்டு ஐந்துக்கு. வாரம் மூன்று தடவை கார் பிடிக்கிற குடும்பம் இல்லை அது. மழையில் பாலம் மூழ்கிய ஒரு சனிக்கிழமை மெஷின் தப்பிப்போய், ஞாயிறு பகலில் அவர் தண்ணீருக்குள் இருப்பவரைப்போல வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து, அந்த மூன்று நாளும் ஆறு மணிக்கு முக்கில் நின்று, வளைவில் ஹாரன் கேட்கிறவரை அவள் மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுகொள்ளும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் செல்வின் வந்து அந்தச் சேதியைச் சொன்னார். பாளையங்கோட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும், அவளுடைய இணையதளத்துக்குக் கோளாறு வந்தால் சரிபார்க்கிறவர், போனில் முடிகிற விஷயத்துக்கு நேரில் வரமாட்டார். அவர் நேரில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டதுமே அவள் லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நம்ம சைட்டு இருக்குல்லா, அந்தப் பழைய சர்வர மாசக் கடைசியில மூடுதாங்க. புதுசுக்குக் கொண்டு போயிருவோம். அது ஒண்ணும் இல்ல."

"பொறவு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீரு?"

"புதுசுல இந்த நம்பர் அட்ரஸ் எடுக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்ரஸ் மாறும். ஆறு பத்து வண்டின்னா, ஊர்ப் பேரும் நேரமும் போட்டு அழகா வரும். பாக்க நல்லாத்தான் இருக்கும்." அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "இருபது வருசம் ஆகப்போற சைட்டுக்கா. கட்டாயம் இல்லன்னா மாத்தாதீங்கன்னுதான் சொல்லுவேன். ஒரு அட்ரஸ் மாறிச்சின்னா அதக் கையில வச்சிருக்க அத்தன பேரும் வந்து வெறுஞ்சுவத்துல முட்டணும்."

"மாத்தாம வுட்டா?"

"மாசக் கடைசியோட எல்லாம் போயிரும்."

செல்வி வலது கையின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த தழும்பைத் தடவினாள். லேமினேஷன் மெஷின் சுட்ட தழும்பு அது, பிறை மாதிரி இருக்கும், கவலை வந்தால் அவள் விரல் தன்னால் அங்கே போய்விடும்.

சேதி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவி, துரைப்பழம் கடையில் பெஞ்சு கொள்ளாமல் கூட்டம் சேர்ந்து, மாற்றலாம் என்று ஒரு கட்சியும் மாற்றக்கூடாது என்று ஒரு கட்சியும் உண்டாகி, இரண்டு கட்சியும் ஒரே டீயைக் குடித்துவிட்டு ஒன்றையொன்று ஏசின. முகவரி மாறினால் வண்டிக்கு எப்படித் தெரியும் என்றார்கள். தெரியாமலா போகும், பதினோரு வருஷமாக வருகிற வண்டி கண்ணைக் கட்டிவிட்டாலும் வராதா என்றார்கள். ஓய்வுபெற்ற டெப்போ அதிகாரி எழுந்து, விதிமுறைப்படி அந்த வண்டி கிடையாது, ஆகவே அதற்கு முகவரி மாற்றத்தை அறிவிக்கவும் வழி கிடையாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் செல்வியைப் பார்த்தார்கள். தப்பானால் யார் தலையில் விடியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமையில் ஆபத்தில்லை என்ற தைரியத்தில், அந்த ஒரு பக்கத்தின் எண்ணை மட்டும் அவள் இருநூற்றுப் பதினான்கிலிருந்து வேறொன்றாக மாற்றி வைத்தாள். ஞாயிறு காலை ஆறு பத்து ஆயிற்று, ஆறு இருபது ஆயிற்று, ஆறே முக்கால் ஆயிற்று. தலைநகரத்து மாதா கோவிலுக்கு முதல் பூசைக்குப் போகிற லூர்தம்மாளும் அவள் கூட்டமும் முக்காட்டைச் சரிசெய்தபடி வளைவையே பார்த்து நின்றார்கள். வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. யாரும் செல்வியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைக்கு ஓடிப்போய்ப் பழைய எண்ணைத் திரும்பப் போட்டாள். திங்கள் ஆறு பத்துக்கு வண்டி ஒன்றுமே நடக்காததுபோல வந்து, "உள்ள போ, உள்ள போ" என்றது.

"அப்பம் மாத்தக்கூடாது," என்றாள் செல்வினிடம் போனில். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மாத்துனா வராது. மாத்தலன்னாலும் மாசக் கடைசியில வராது. நான் என்னதான் செய்ய?"

"அக்கா, அழாதீங்க. ஒரு வழி இருக்கு. புது சர்வர்ல பழைய அட்ரஸ் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வைக்கலாம். பழைய நம்பர் இது, இப்பம் இன்ன எடத்துக்குப் போன்னு. வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவுக, வாசல்ல ஒரு ஆள நிறுத்தி, அன்னா அங்க போயிட்டாவன்னு கை காட்டச் சொன்னா எப்படி, அப்படி."

"அதப் பாத்து வண்டி வருமா?"

"ஆளுங்க வருவாங்க. அது எனக்குத் தெரியும். வண்டி..." அவர் நேர்மையான மனுஷர். "வண்டியப் பத்தி எனக்குத் தெரியாதுக்கா. பழைய சர்வர்ல இத வச்சுப் பாக்கவும் வழி கிடையாது."

அன்று சண்முகக்கனி கட்டிலில் சாய்ந்து, ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்த தன் இடது கையைக் காதோரம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை உள்ளுக்குள் எந்நேரமும் உறுமும், சூடாகாமல் ஓடுகிற மோட்டார் என்பார் அவர். செல்வி அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்களே சொல்லுங்க. உங்க உசுருல்லா."

"எந்தலையில கட்டாத," என்றார் வெடுக்கென்று. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துத் தணிந்தார். "பயமா இருக்கத்தான் செய்யுது. எனக்கு மட்டும் இல்லையா? மாத்தாம வுட்டா வண்டி நிச்சயமா வராது. மாத்திக் கை காட்டுனா, வரவும் செய்யலாம், வராமப் போவவும் செய்யலாம். ரெண்டுல எதுல லைன் இருக்கோ அதுலதான் சுவிட்சப் போடணும்."

"வராமப் போச்சின்னா?"

அவர் இடது கையை மறுபடி காதோரம் வைத்துக்கொண்டார். அவள் மாற்றுவது என்று முடிவுசெய்தாள். முடிவு செய்தபிறகாவது பயம் குறையும் என்று நினைத்தாள், குறையவில்லை.

மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். முகப்புப் பக்கத்துக்குக் கைகாட்டி வேண்டாம், மீதி ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்றுக்கும் ஒவ்வொரு வரியாக, இந்தப் பக்கம் பழைய எண், அந்தப் பக்கம் புது முகவரி என்று கையால் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தட்டில் தானாக மாற்றிவிட வழியில்லை. ஒரு எழுத்து பிசகினால் தேடி வருவது எங்கேயோ போய் நிற்கும் என்று செல்வின் சொல்லி வைத்ததால், செல்வி தனியாக அடிக்கப் பயந்தாள், ஊர் அவளைத் தனியாக விடவும் இல்லை. பீடி சுற்றிச் சுற்றி வேகம் பிடித்த விரல்களோடு லூர்தம்மாள் கூட்டம் வந்து உட்கார்ந்தது, டெப்போ அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார், துரைப்பழம் கல்லாவை அடைத்துவிட்டு வந்து ஒற்றை விரலால் குத்தினார். அவரவர் போகிற வழித்தடத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள், தன் பிறந்த வீட்டு வண்டியைப் பிறத்தியார் அடிக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. எட்டு நாள் அந்தக் கடையில் நாலு கம்ப்யூட்டரும் ஓயவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் யாரும் கை வைக்கவில்லை. சாமி சிலையைத் தொடுவதற்குத் தயங்குவதுபோல, அது செல்வியின் பக்கம், அவள் புருஷன் உயிர், அதை அவள் கையால்தான் அடிக்க வேண்டும் என்று லூர்தம்மாள் தாண்டிப் போனாள், அதிகாரி தாண்டிப் போனார், எல்லாரும் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். செல்விக்கோ அந்த எண்ணைக் கண்டாலே விரல் விறைத்துக்கொண்டது. பிசகிவிட்டால் என்ன செய்வது, விஷயம் தெரிந்த செல்வின்தான் அதை அடிப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, நினைத்ததை அவரிடம் சொல்லாமலே அவளும் தாண்டிப் போனாள். கணக்குப் பார்த்தபோதாவது அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் துரைப்பழம், திருச்செந்தூர் வண்டியை முருகனுக்காக ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்து வைத்திருந்தார்.

"ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணு வரி, சரியா இருக்குக்கா," என்றார் செல்வின். புதன்கிழமை மாலை பழையது மூடிப் புதியது திறந்தது.

வியாழக்கிழமை நல்ல முகூர்த்தம். ஊரில் இருந்த நாலு காரும் இரண்டு வேனும் விடிகிறதற்கு முன்னமே கல்யாணங்களுக்குப் போய்விட்டன. அதை நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்த செல்வி, ஆறு மணிக்கெல்லாம் சண்முகக்கனியைக் கூட்டிக்கொண்டு முக்கில் வந்து நின்றாள். ஊரே வந்திருந்தது. எங்கும் போகவேண்டாதவர்கள்கூடக் குளித்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஆறு பத்து. ஆறு பதினைந்து. வளைவில் ஒரு பால்வண்டி திரும்பியது, ஒரு நாய் திரும்பியது. துரைப்பழம் யாரும் கேட்காமலே எல்லாருக்கும் டீ ஊற்றினார், யாரும் குடிக்கவில்லை. சண்முகக்கனியின் பாதம் செருப்பு வார்களுக்கு வெளியே பிதுங்கியிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"அக்கா," என்றாள் லூர்தம்மாள் மெதுவாக, "எரநூத்திப் பதினால நீ எப்பம் அடிச்ச? நான் பாக்கவே இல்லையே."

செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அடிக்கல. செல்வின் தம்பில்லா..." என்று ஆரம்பித்தவளுக்கு வாக்கியம் முடிவதற்குள் விளங்கிவிட்டது.

அவள் ஓடினாள். நாற்பத்தாறு வயதில், ஊர் பார்க்க, சேலை தடுக்க ஓடி, ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய், கம்ப்யூட்டர் உயிர்பெறுகிற அந்த ஒரு நிமிஷத்தில் தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னாள். பயந்து பயந்து தான் தொடாமல் விட்டதுதான் இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது என்ற ஆத்திரத்தில், இந்தத் தடவை விரல் விறைக்கவில்லை. இந்தப் பக்கம் இருநூற்றுப் பதினான்கு. அந்தப் பக்கம் புது முகவரி. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். அடித்து முடித்துப் பொத்தானை அழுத்தியபோது, வலது தோளிலிருந்து விரல் நுனிவரை யாரோ பிடித்து நீட்டியதுபோல ஓர் இழுவை இழுத்தது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

முக்குக்குத் திரும்பி வந்தபோது ஆறு முப்பத்திரண்டு. ஆறு முப்பத்தெட்டுக்கு ஹாரன் கேட்டது.

வண்டி ஜன்னல்வரை செம்மண் அப்பியிருந்தது. முள்செடி ஒன்று முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கூடவே வந்திருந்தது. நின்றதும் கண்டக்டர் இறங்கினார், பதினோரு வருஷத்தில் அவர் தரையில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

"வடகரைப்பேரி இதானா?" என்றார்.

"இதான், இதான்," என்றது ஊர்.

"பழைய எடத்துக்குப் போனோம். முக்கக் காணல, டீக்கடையக் காணல, ஒரு ஆளக் காணல. வெறும் பொட்டக்காடு. திரும்பிருவோம்னு சொல்லிட்டாரு டிரைவரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்பம் ஒரு கை தெரிஞ்சுது. ஆளு இல்ல, கை மட்டுந்தான். பொம்பளக் கை. நீட்டிக்கிட்டு இந்தப் பக்கமாக் காட்டிச்சி. வந்துட்டோம்." சொல்லிக்கொண்டிருந்தவரின் பார்வை செல்வியின் கையில் விழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த பிறைத் தழும்பைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கைதாம்மா."

அவர் நிமிர்ந்து செல்வியின் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் அங்க நிக்குமா அது?"

"நிக்கும்," என்றாள் செல்வி.

"உள்ள போ, உள்ள போ," என்றார் கண்டக்டர். அன்றைக்கு அந்த டிரைவர் ஓட்டிய ஓட்டத்தில், எட்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது சண்முகக்கனி படுக்கையில் ஏறிவிட்டார். செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

கைவலி அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. நீட்டிப் பிடித்த கையை இறக்கவே முடியாதவளுக்கு வருகிற வலி, தோளில் பிடித்து விரலில் முடிகிறது. தலைநகரத்தில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, கையைத் தூக்கிப் பிடித்துச் செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். ஊரிலும் வரி அடித்தவர்கள் அத்தனை பேருக்கும் வலி கண்டிருந்தது, ஆள் அதிகம் போகிற வண்டிக்கு அடித்தவர்களுக்கு அதிகம், ஆள் போகாத வண்டிக்கு அடித்தவர்களுக்கு லேசு. மருந்துக்கடையில் தைலம் தீர்ந்துபோய் இரண்டு தடவை வரவழைத்தார்கள். திருச்செந்தூர் வண்டியை இரண்டு தடவை அடித்த துரைப்பழம் இரண்டு கையையும் தூக்கமுடியாமல், ஒரு மாதம் சம்சாரத்தை வைத்து டீ ஆற்றினார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. வழி காட்டினால் கை வலிக்காதா என்றார்கள்.

போகப்போகச் சுவரில் புது முகவரி எழுதினார்கள், நோட்டீஸ்களில் மாற்றினார்கள், துபாய்க்காரர்கள் கைபேசியில் மாற்றிக்கொண்டார்கள். பழைய எண்ணைத் தேடி ஆள் வருவது நின்ற பக்கங்களின் வரியைச் செல்வின் ஒவ்வொன்றாக எடுத்தார், எடுக்க எடுக்க ஒவ்வொருவர் கையாகக் குணமானது. அடுத்த பங்குனியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி.

"அக்கா, அதையும் எடுத்துரலாம்னு பாத்தேன்," என்றார் போனில். "எரநூத்திப் பதினாலுக்கு மனுசங்க ஒருத்தரும் வாரதில்ல. ஆனா ஒண்ணு மட்டும் தினமும் வருது. காலைல ஆறு ஏழுக்கு. ஒரே ஒரு தடவ."

"இருக்கட்டும் தம்பி."

"உங்க கை?"

"இருக்கட்டும்."

திங்கட்கிழமை சாயங்காலம் சண்முகக்கனி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்பதால் வலது கையால் மட்டும் அவளுடைய தோளிலிருந்து உருவிவிட்டார், இடது கை அவர் மடியில் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது.

"எடுத்துருட்டி," என்றார். "தூக்கத்துலகூட அனத்துத."

"நாளைக்கு உங்களுக்கு ஊசில்லா. வலிக்காதா?"

"வலிக்கத்தான் செய்யும்."

"பொறவு?"

அவர் எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றி, அந்தத் தழும்பைச் சுற்றி, விரல் நுனிவரை நிதானமாக நீவிவிட்டார்.

மறுநாள் முக்கில் அவருடைய பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வளைவைப் பார்த்து, மூச்சை நெஞ்சுக்குள் நிறுத்திக்கொண்டு அவள் நின்றாள். ஆறு ஏழுக்கு அவளுடைய வலது கை தன்னால் ஒரு சாண் உயர்ந்து, அங்கேயே நின்றது. துரைப்பழம் பார்த்துவிட்டு, பாய்லரின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு பத்துக்கு ஹாரன் கேட்டது.